மலையேறிய தண்டவாளங்கள் – 9: மரத்தடிக்குப் போட்ட பாதை

ஊட்டி ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 2203 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தைவான் தீவின் நடுமலையில் உள்ள அலிஷான் நிலையத்தின் உயரம் 2216 மீட்டர். இரண்டுக்கும் இடைவெளி வெறும் 13 மீட்டர். கட்டிய காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1908-ல் ஊட்டிக்கு ரயில் போய்ச் சேர்ந்தது. 1912 டிசம்பரில் அலிஷான் காட்டின் வாசலுக்கு ரயில் ஏறியது. ஆனால் எதற்காகப் போட்டார்கள் என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு வழியில் பிரிந்துவிடுகின்றன. நீலகிரிப் பாதை, சமவெளி வெயிலிலிருந்து ஆட்களை மேலே கொண்டுபோவதற்கு. அலிஷான் பாதை, மேலே நின்ற மரங்களைக் கீழே கொண்டுவருவதற்கு. அந்த ரயிலில் ஆட்கள் ஏறி உட்கார்ந்ததெல்லாம் பிறகு வந்த கதை.

டார்ஜிலிங் ரயில், மாட்டு வண்டிகள் போன ஹில் கார்ட் ரோட்டை விடாமல் பிடித்துக்கொண்டே மலை ஏறியதைச் சென்ற இதழில் பார்த்தோம். அலிஷானில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு சாலையும் இல்லை. வேட்டைக்காரர்களின் ஒற்றையடித் தடங்கள் இருந்தன, அவ்வளவுதான். அந்த மலையில் ரயில் எங்கே வளைய வேண்டும், எவ்வளவு சரிவில் ஏற வேண்டும், எந்த நாட்டு எஞ்சினை வாங்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: வெட்டிச் சாய்த்த சைப்ரஸ் தடி ஒன்றின் எடை. இந்த வாரக் கதை முழுவதும் அந்த எடையைச் சுற்றித்தான்.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். அலிஷானில் சுமார் 1500 மீட்டருக்கு மேலே, பெரும்பாலான நாட்களில் மூடுபனி தங்கும் உயரத்தில், இரண்டு வகை சைப்ரஸ் வளர்கிறது. ஒன்று தைவானின் செஞ்சைப்ரஸ். மற்றது ஜப்பானியர்கள் ஹினோகி என்று கொண்டாடும் மரத்தின் தைவான் உறவு. இரண்டுமே ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள் நிற்கக்கூடியவை. ஹினோகியின் மரம் எண்ணெய்ப் பசையும் வாசனையும் உடையது. கரையானும் ஈரமும் அதை எளிதில் அண்டுவதில்லை. இழை நேராக ஓடுவதால் இழைப்புளிக்கு இணங்கும். ஜப்பானியக் கோயில் தச்சர்களுக்கு அதற்கு மிஞ்சிய மரம் கிடையாது. ஜப்பானிலேயே நெடுங்காலம் வெட்டியதில் பெரிய ஹினோகிகள் அரிதாகிவிட்டிருந்தன.

1895-ல் சீனாவின் சிங் அரசு, போரில் தோற்று ஷிமோனோசெகி உடன்படிக்கையின்படி தைவானை ஜப்பானிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டின் இறுதிக்குள் புதிய ஆட்சி ஒரு வன ஆணையைப் பிறப்பித்தது. எழுத்தில் பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்பது அதன் சாரம். 1882-ன் சென்னை வனச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாகத் தோன்றாது. மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவனிடம் போய்ப் பட்டா கேட்பதுதான் அந்த உத்தி.

அலிஷானில் அப்படி வாழ்ந்தவர்கள் ட்சோ மக்கள். தபாங்கு, த்ஃபுயா என்பவை அவர்களுடைய தாய்க் கிராமங்கள். ஊர் நடுவே மரத்தூண்கள் மேல் உயர்த்திக் கூரை வேய்ந்த 'குபா' என்ற ஆண்கள் மன்றம் நிற்கும். போருக்கும் வேட்டைக்கும் விழாவுக்கும் அங்கேதான் கூடுவார்கள். அலிஷானின் சரிவுகளில் எந்தக் குடும்பம் எங்கே வேட்டையாடலாம் என்பது அவர்களுக்குள் தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. அவர்களிடம் பத்திரம் இல்லை. ஆகவே காடு அரசுடையது ஆயிற்று. இதற்குத் துப்பாக்கிச் சூடு எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஒரு காகிதமே போதுமானதாக இருந்தது.

1899-ல் ஜப்பானிய அதிகாரிகள் இந்தக் காட்டைப் பற்றி மேலிடத்துக்குத் தெரிவித்தார்கள். அப்போது தைவானின் சிவில் நிர்வாகத்தை நடத்திவந்தவர் கோதோ ஷிம்பெய். மருத்துவராகத் தொடங்கி நிர்வாகியானவர். நில அளவை, மக்கள்தொகைக் கணக்கு, கர்ப்பூர ஏகபோகம் என்று தீவையே கணக்கேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தவர். காட்டையும் கணக்கில் ஏற்ற அவருக்கு ஒரு நிபுணர் வேண்டியிருந்தது. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வனவியல் அறிஞர் கவாய் ஷிதாரோவை அழைத்தார். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் படித்துத் திரும்பியவர் கவாய். இந்தப் பாதையின் கதையில் முதன்மையான மனிதர் யார் என்று கேட்டால், எஞ்சினியர்கள் எவரையும் சொல்லமாட்டேன். இந்த மர அறிஞரைத்தான் சொல்வேன்.

தடிகளை ஆற்றில் தள்ளி மிதக்கவிடுவது ஜப்பானின் பழைய வழக்கம். அலிஷானில் அது நடக்காது. ஆறுகள் செங்குத்தாக விழுபவை. வறட்சியில் கல்லாகக் கிடக்கும், புயல் மழையில் பாறையை உருட்டிவரும். ஓராயிரம் ஆண்டு மரம் அடிவாரம் வருவதற்குள் சிதைந்துவிடும். கவாய் மலையில் அலைந்து பார்த்துவிட்டு, காட்டின் நடுவரைக்கும் ரயில் போடுவதுதான் வழி என்றார். பாதைக்கான அளவைப் பணிகளும் தொடங்கின. ஆனால் 1904-ல் ரஷ்யாவோடு போர் மூண்டது. கஜானா காலி. மரத்துக்காக மலையில் ரயில் போடும் செலவை அரசு அப்போது ஏற்கவில்லை.

ஒசாகாவின் ஃபுஜிதா-குமி என்ற தனியார் நிறுவனத்திடம் 1906-ல் வேலை ஒப்படைக்கப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஜியாயி வட்டாரம் ஒரு பெரும் நிலநடுக்கத்தில் குலைந்து, 1200-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். சில மாதங்கள் கழித்து, இடிபாடு இன்னும் முழுதாக அகலாத அதே ஜியாயி ஊரிலிருந்து மலையை நோக்கித் தண்டவாளம் நகர ஆரம்பித்தது. சமவெளியில் சிக்கல் இல்லை. மலை தொடங்கியதும் மண் சரிந்தது, சுரங்கங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெருகின, மதிப்பீடு எகிறியது. 1908 ஜனவரியில் ஃபுஜிதா-குமி வேலையை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஊட்டியில் முதல் ரயிலை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். அலிஷானில் பாதி தோண்டிய பாதையில் புல் முளைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1910-ல் அரசே 12 லட்சம் யென் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கி, அலிஷானுக்கென்று தனி அலுவலகம் அமைத்து வேலையைத் தொடர்ந்தது. தனியார் கைவிட்ட திட்டத்தை அரசு கையில் எடுத்ததற்கு மரத்தின் மேல் வைத்த நம்பிக்கை ஒரு காரணம்; குடியேற்ற நாடு தன் செலவைத் தானே ஈட்டிக் காட்ட வேண்டும் என்ற பிடிவாதம் இன்னொரு காரணம். 1912 அக்டோபரில் ஜியாவ்லிபிங் வரை பாதை திறந்தது. டிசம்பரில் 2000 மீட்டர் உயரத்தில் உள்ள அர்வான்பிங்கை எட்டியது. 1914-ல் காட்டின் நடுவே ஜாவ்பிங் வரை போனது.

இனி அந்த ஏற்றத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி. ஜியாயி கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர். முதல் 14 கிலோமீட்டர், ஜுச்சி என்ற ஊர் வரை, பெரும்பாலும் வயல்வெளி. அங்கிருந்து மலை. மொத்தம் 71.4 கிலோமீட்டரில் ரயில் சுமார் 2200 மீட்டர் ஏறுகிறது. மிகக் கடுமையான இடத்தில் 16 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். மிகக் குறுகிய வளைவின் ஆரம் 40 மீட்டர். இன்றைய கணக்கில் 50 சுரங்கங்கள், 77 பாலங்கள்.

நீலகிரியில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை உண்டு. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். அதனால்தான் அங்கே 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற ஏற்றம் சாத்தியமானது. அலிஷானில் பல் இல்லை. வழவழப்பான இரும்பின் மேல் வழவழப்பான இரும்புச் சக்கரம் தன் பிடிப்பை மட்டும் நம்பி ஏற வேண்டும். இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. மரம் வெட்டும் பாதை ஒரே இடத்தில் நிற்பதில்லை. இந்தச் சரிவில் மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த சரிவில் போட வேண்டும். காட்டுக்குள் கிளை கிளையாகப் பிரியும் பாதைகள் எல்லாவற்றிலும் பற்பட்டை பொருத்திக்கொண்டிருக்க முடியாது. அந்த நாளைய நிலைமையில் இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதற்கு விலையாகப் பாதையை நீட்டி, சுற்றி, மடக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

அப்படிச் சுற்றியதில் பேர்பெற்ற இடம் துலிஷான். 543 மீட்டர் உயரத்தில் உள்ள ஜாங்நாவ்லியாவ் நிலையத்தைத் தாண்டியதும் ரயில் இந்தத் தனிக் குன்றைச் சுற்ற ஆரம்பிக்கும். சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றும் இழைபோல, குன்றைத் திரும்பத் திரும்ப வளைத்து, தன் பாதையைத் தானே சுரங்கத்தில் கடந்து, கடைசியில் எட்டு எழுதிக்கொண்டு வெளியேறும். 904 மீட்டர் உயரத்தில் லியுவான்லியாவ் நிலையம். இடையில் பயணி சன்னலோரமாக உட்கார்ந்திருந்தால் ஜாங்நாவ்லியாவ் நிலையத்தின் கூரை திரும்பத் திரும்பத் தெரியும். ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம், ஒவ்வொரு தடவையும் முன்பைவிடச் சிறியதாக. கீழே விட்டுவந்த நிலையம் இப்படிக் கூடவே வருவதைப் பார்த்தால்தான் ரயில் முன்னே போகவில்லை, மேலே போகிறது என்பது உறைக்கும்.

இன்னும் மேலே, அர்வான்பிங்கை ஒட்டிய சரிவுகளில், சுற்றுவதற்கும் இடமில்லை. அங்கே டார்ஜிலிங்கில் பார்த்த அதே முன்பின் வித்தை. ரயில் ஒரு முட்டுச்சந்து வரை போய் நிற்கும். ஆள் இறங்கிப் பாதை மாற்றும் கம்பியைத் திருப்புவார். ரயில் பின்னோக்கி அடுத்த படியில் ஏறும். எஞ்சின் எப்போதும் மலையின் இறக்கப் பக்கத்தில் இருக்கும்படி வண்டிகளைக் கோப்பது வழக்கம். நடுவில் ஒரு கொக்கி அறுந்தாலும் வண்டிகள் உருண்டு போகாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு அது. முன்பின் ஏறும் இடத்தில் மட்டும் இந்த ஒழுங்கு படிக்குப் படி மாறி, தள்ளிய எஞ்சின் இழுக்கும், இழுத்தது தள்ளும்.

அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் அலிஷானைப் பற்றிச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் மிச்சிகனில் எஃப்ரெயிம் ஷே என்றொரு மரவெட்டு முதலாளி இருந்தார். குளிர்காலத்தில் பனி உறைந்தால்தான் தடிகளைச் சறுக்கி இழுக்க முடியும். மற்ற மாதங்களில் வேலை கிடையாது. ஆண்டு முழுவதும் காட்டுக்குள்ளேயே ஓடக்கூடிய எஞ்சின் ஒன்றை அவர் தன் தேவைக்கு உருவாக்கினார். 1881-ல் காப்புரிமை பெற்றார். ஒஹாயோவின் லிமா தொழிற்சாலை அதைச் செய்து விற்றது. மொத்தம் 2700-க்கும் மேல் செய்தார்கள். அலிஷானுக்கு வந்தவற்றில் முக்கியமானவை இரண்டு அளவு: 18 டன் எஞ்சின்கள் 8, 28 டன் எஞ்சின்கள் 12. சின்னவை சமவெளிக்கும் காட்டுக் கிளைப் பாதைகளுக்கும். பெரியவை ஜுச்சிக்கு மேலே மலைக்கு.

ஷே எஞ்சினை வலப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இடப்பக்கத்தில் ஒன்றுமே இருக்காது, வெறும் சக்கரங்கள். வலப்பக்கத்தில் ஓட்டுநர் அறைக்கு முன்னால், 28 டன் எஞ்சினானால் மூன்று சிலிண்டர்கள் செங்குத்தாக வரிசையில் நிற்கும். சாதாரண நீராவி எஞ்சினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வரும். இதில் மேலும் கீழும் இறங்கி ஏறும். அவை கீழே ஒரு வளைதண்டைச் சுழற்றும். அந்தத் தண்டு எஞ்சினின் நீளவாக்கில், சக்கரங்களின் வெளிப்பக்கமாக, முன்கோடியிலிருந்து பின்கோடி வரை ஓடும். வளைவில் எஞ்சின் திரும்பும்போது தண்டு முறியாமல் இருக்க நடுநடுவே மடங்கும் மூட்டுகள், நீண்டு சுருங்கும் உறைகள். ஒவ்வொரு சக்கரத்தின் முகத்திலும் சாய்வாக வெட்டிய பற்சக்கரம். தண்டில் உள்ள சிறு பற்சக்கரம் அதைக் கடித்துச் சுழற்றும். இவ்வளவு இரும்பும் வலப்பக்கமே சேர்ந்துவிட்டதால், எடை ஒத்துவர வேண்டும் என்று கொதிகலனை நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் எஞ்சினின் முகம் கோணிக்கொண்டிருக்கும்.

இதனால் என்ன லாபம்? எஞ்சினின் எல்லாச் சக்கரமும் இழுக்கும். வேறு எஞ்சின்களில் பாரம் தாங்குவதற்கென்றே சில சக்கரங்கள் சும்மா உருளும். இதில் ஓசிச் சக்கரம் கிடையாது. எடை முழுவதும் பிடிப்பாக மாறும். பல்லிணைப்பு வழியாகப் போவதால் வேகம் குறைந்து வலிமை கூடும். பிஸ்டன்கள் படபடவென்று துடிக்கும். புகைபோக்கி விரைவு ரயிலைப்போல மூச்சு வாங்கும். வண்டியோ ஆள் கூட ஓடினால் முந்திவிடும் வேகத்தில் ஊரும். மரம் சுமக்க அது போதும். இந்த எஞ்சின்களில் 25, 26, 31 ஆகிய எண்கள் கொண்ட மூன்றைப் பழுதுபார்த்து, தைவான்காரர்கள் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நூறு வயது தாண்டிய இயந்திரம் அருங்காட்சியக மேடையில் நிற்காமல் தன் மலையிலேயே நகர்வது சாதாரணச் செய்தியல்ல.

ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் இந்தப் பாதைக்கு ஏறுவது சோதனை அல்ல. ஏறும்போது வண்டிகள் காலி. பாரம் முழுவதும் இறங்கும்போதுதான். டன் கணக்கான தடிகள் 16-க்கு 1 சரிவில் இறங்கும்போது எஞ்சினின் வேலை இழுப்பது அல்ல, தடுப்பது. பிரேக் ஒன்றுதான் உயிர். இது எவ்வளவு உண்மை என்பதை, மரவெட்டு நின்று நெடுங்காலம் கழித்து, 2003 மார்ச் 1-ல் அந்த மலை காட்டியது. சுற்றுலாப் பயணிகளோடு இறங்கிய ரயிலில் பிரேக்குக்குக் காற்று போகும் குழாயின் ஒரு வால்வு மூடியபடியே விடப்பட்டிருந்தது. ரயில் கட்டுக்கடங்காமல் ஓடித் தடம் புரண்டது. 17 பேர் இறந்தார்கள். கைக்குள் அடங்கும் ஒரு திருகு அது.

காட்டுக்குள் என்ன நடந்தது? கோடாரியாலும் ரம்பத்தாலும் வெட்டிச் சாய்த்த தடிகளைப் பாதையோரம் கொண்டுவர அமெரிக்காவிலிருந்து நீராவி விசைப்பொறிகளை இறக்கினார்கள். உயரமான மரமொன்றின் உச்சியில் கப்பி கட்டி, இரும்புக் கயிற்றை ஓட்டி, பள்ளத்தில் விழுந்த தடியைச் சரிவு வழியே தூக்கி இழுத்துவிடும் இயந்திரம். மனிதத் தோளால் அசைக்க முடியாத மரமெல்லாம் இனி வெட்டத் தகுந்த மரம் ஆனது. ரயில், ஷே எஞ்சின், இந்த விசைப்பொறி ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகு அலிஷானில் எட்டாத மரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

கீழே ஜியாயியில், பெய்மென் நிலையத்துக்கு அருகே, மின்சாரத்தில் ஓடும் மர அறுவை ஆலை எழுந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெரிய குளம் வெட்டினார்கள். மலையிலிருந்து வந்த தடிகள் முதலில் அந்தக் குளத்தில் மிதக்கும். வெயிலில் வெடிக்காமல் இருக்கவும், பூச்சி அரிக்காமல் இருக்கவும் அந்த ஊறல். பிறகு ஆலைக்குள் ஏறி, பலகையாக வெளியேறித் துறைமுகத்துக்கு. ஜியாயி ஒரு மர நகரமானது. மரக்கடைகள், தச்சுப் பட்டறைகள், வன அலுவலர்களின் குடியிருப்புகள் என்று ஒரு புதிய ஊரே முளைத்தது. 1912-ல் கட்டிய பெய்மென் நிலையக் கட்டடமே சைப்ரஸால் ஆனது.

பலகைகள் எங்கே போயின? டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்தில் 1920-ல் நிறுத்திய பெரிய நுழைவாயில் தைவான் சைப்ரஸ். யாசுகுனி ஆலயத்தின் வாயிற்கட்டடமும் தைவான் சைப்ரஸ். பேரரசு தன் முன்னோர்களையும் போரில் மாண்டவர்களையும் வணங்கிய வாசல்கள், வென்ற தீவின் மரங்களால் ஆனவை. அந்த மரங்களில் பல, ஜப்பானியப் பேரரசின் எந்த அமைப்பும் உருவாவதற்கு முன்பே முளைத்தவை.

1919-ல் கவாய் ஷிதாரோ அலிஷானுக்குத் திரும்பி வந்தார். அவர் முதலில் நடந்து பார்த்த காடு அங்கே இல்லை. கோடாரிகள் போன வழியையும், மரமற்ற மலையில் மீதமிருந்த பறவைக் குரலையும் குறித்து அவர் சீன மொழியில் ஒரு சிறு கவிதை எழுதினார். அது இன்றும் அலிஷானில் கல்லில் பொறித்து நிற்கிறது. பாதை வேண்டும் என்று சொன்னவர் அவர். எந்தெந்தச் சரிவில் எவ்வளவு மரம் தேறும் என்று கணக்கிட்டவர் அவர். அந்தக் கவிதை போலித் துயரம் என்று நான் கருதவில்லை. காட்டை உண்மையாக நேசித்த ஒருவரே அதன் அழிவுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்க முடியும் என்பதை அந்தக் கல் மறைக்காமல் வைத்திருக்கிறது. 1931-ல் அவர் இறந்தார். 1933-ல் அவருக்கு மலை மேல் நினைவுத்தூண் எழுப்பினார்கள்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1930-களின் நடுவில், அதே மலையில் இன்னொரு தூண் எழுந்தது. அது எந்த மனிதருக்கும் இல்லை. வெட்டுண்ட மரங்களின் ஆவிகளுக்கு. மரத்தின் ஆண்டு வளையங்களைக் குறிக்கும் கல் வட்டங்களுக்கு மேல் உயரும் தூண். வெட்டியவர்களே வெட்டப்பட்டவற்றுக்கு எழுப்பிய நினைவிடம். தடி இறக்கும் வேலை மட்டும் அதற்காக ஒரு நாளும் நிற்கவில்லை.

ட்சோ மக்களுக்கு அப்படி ஒரு தூணும் எழவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாடப்புத்தகக் கதை. வு ஃபெங் என்ற 18-ம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர், ட்சோக்களின் தலைவெட்டும் வழக்கத்தை நிறுத்தத் தன் உயிரையே கொடுத்தார், அவர்கள் மனம் திருந்தினார்கள் என்பது கதை. ஜப்பானிய ஆட்சி இதைப் பள்ளிப் பாடமாக்கிப் பரப்பியது. 1945-க்குப் பின் வந்த சீனக் குடியரசு ஆட்சியும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஜியாயி ரயில் நிலையத்துக்கு முன்னால் வு ஃபெங்குக்குச் சிலை வைத்தார்கள். ட்சோக்களின் மலைப்பகுதிக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். தங்கள் காட்டின் மரம் வந்திறங்கும் ஊரில், தங்களைக் கொலைகாரர்களாகச் சொல்லும் சிலையைக் கடந்துதான் ட்சோ பிள்ளைகள் நகரத்துக்குள் போக வேண்டியிருந்தது. 1988-ன் கடைசி நாளில் பழங்குடி இளைஞர்களும் அவர்களுடைய ஆதரவாளர்களும் கயிறு கட்டி அந்தச் சிலையை இழுத்துச் சாய்த்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பகுதிக்கு அலிஷான் என்று பெயர் மாறியது.

வெட்டாமல் விட்டதும் உண்டு. பாதையோரம் நின்ற ஒரு மாபெரும் செஞ்சைப்ரஸ், மூவாயிரம் வயது என்று மதிக்கப்பட்டது, புனித மரமாக வணங்கப்பட்டுக் கோடாரிக்குத் தப்பியது. அதன் அடியில் எஞ்சினை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது அலிஷானின் அடையாளமாகவே ஆனது. 1956-ல் மின்னல் தாக்கி அது பட்டுப்போயிற்று. எலும்புக்கூடாகப் பல ஆண்டுகள் நின்று, 1997-ன் மழையில் பாதி பிளந்து விழ, 1998-ல் மீதியையும் சாய்த்துப் பாதையோரமே படுக்க வைத்தார்கள்.

வெட்டிய இடங்களில் ஜப்பானிய செடார் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். சீக்கிரம் வளரும், நேராக வளரும். இன்று அலிஷான் நிலையத்தைச் சுற்றி மூடுபனியில் அடர்ந்து நின்று, முதல்முறை வருபவர்களை ஆதிக்காடு என்று நம்பவைப்பது பெரும்பாலும் அந்தச் செடார்தான். சோலைக்காடும் புல்வெளியும் போன நீலகிரிச் சரிவுகளில் யூகலிப்டஸையும் சீகை மரத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும். செடார்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு மேல் விட்டு வெட்டிய பழைய சைப்ரஸ் அடிக்கட்டைகள் இன்னும் உளுக்காமல் நிற்கின்றன. சிலவற்றின் மேல் புது மரம் முளைத்து, வேரைக் கட்டையின் தோள் வழியாக மண்ணுக்கு இறக்கியிருக்கிறது.

போர் முடிந்து ஆட்சி கைமாறிய பிறகும் தடிகள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. புது அரசுக்கும் பணம் வேண்டியிருந்தது. ஆனால் மரம் தீர்ந்துகொண்டே வந்தது. 1963-ல் அலிஷானின் மரவெட்டு முடிவுக்கு வந்தது. மரம் தீர்ந்தால் பாதையையும் பெயர்த்து இரும்பு விலைக்குப் போடுவதுதான் உலகெங்கும் காட்டு ரயில்களுக்கு நேர்ந்த கதி. காட்டுக் கிளைப் பாதைகள் அப்படியே மறைந்தன. மெயின் பாதைக்கு அது நேரவில்லை. 1920 வாக்கிலிருந்தே தடி வண்டிகளோடு பயணிகளும் ஏறி வந்திருந்தார்கள். தடிகள் நின்ற அதே 1963-ல், 'ஜோங்சிங்' என்ற பெயரில் டீசல் ரயில் கார்கள் ஜியாயிக்கும் அலிஷானுக்கும் இடையே பயணிகளுக்கென்றே ஓட ஆரம்பித்தன. பாதி வழியில் 1403 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபென்சிஹு நிலையத்தில் நடுப்பகலில் ரயில்கள் சந்தித்துக்கொள்ள, மேடையில் சுடச்சுடச் சோற்றுப் பெட்டி விற்கும் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது.

அந்தச் சோற்றுப் பெட்டியில் தொடங்கி, 1982-ல் நெடுஞ்சாலை வந்து ரயிலின் வயிற்றில் அடித்ததையும், 2009-ன் மொராகோட் புயல் பாதையை அறுத்துப்போட்டதையும், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் புதுச் சுரங்கம் குடைந்து 2024 ஜூலையில் மறுபடியும் முழுப் பாதையைத் திறந்ததையும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.